வெள்ளத்தைத் தாமதிக்க ஒரு சிறு மண்கரை: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மலையடிவாரத்திலோ மேட்டுக்குக் கீழேயோ தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒரு மணி நேரம் மழை அடித்தால் போதும், பள்ளத்தின் வழியாகச் செந்தண்ணீர் இறங்கி வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். அந்தப் பள்ளத்தின் குறுக்கே இரண்டு மீட்டர் உயரத்துக்குள் ஒரு மண்கரை போட்டு வேகத்தை அடக்குவது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இது தண்ணீர் சேர்க்கும் குட்டை அல்ல. வெள்ளத்தைத் தடுக்கும் கரை பெரும்பாலான நாள் காலியாகக் கிடக்க வேண்டும். நிரம்பிக் கிடக்கும் குட்டையில் அடுத்த வெள்ளத்துக்கு ஏது இடம்? அமெரிக்காவின் டேட்டன் நகரம் 1913 மார்ச்சில் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, அந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து மண் அணைகள் கட்டினார்கள். 1922-இல் வேலை முடிந்தது. எதிலும் கதவு கிடையாது. அடியில் எப்போதும் திறந்திருக்கும் வழி மட்டும்தான். ஆறு வழக்கமாக ஓடும்போது அணை இருப்பதையே கண்டுகொள்ளாது. பெருவெள்ளம் வந்தால் மட்டும் பின்னால் தேங்கி மெல்ல வடியும். நம் சிறு கரைக்கும் இதே கதைதான்.

படி 1: இடமும் அனுமதியும்

கிராம வரைபடத்தில் ஓடை என்று காட்டியிருந்தால் அது புறம்போக்கு, கை வைக்காதீர்கள். உங்கள் பட்டா நிலத்துக்குள் ஓடும் பள்ளம் என்றாலும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. கரைக்குக் கீழே வீடோ சாலையோ இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 2: எவ்வளவு தண்ணீர் வரும்?

பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கும் பரப்பு 10 ஏக்கர், அதாவது சுமார் 40,000 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி மண்ணுக்குள் போனால், மீதி 1,000 கன மீட்டர். பத்து லட்சம் லிட்டர்! சராசரியாக அரை மீட்டர் ஆழத்துக்குத் தேக்கினாலும் அரை ஏக்கர் நிலம் சில மணி நேரம் நீரில் நிற்கும். அந்த இடத்தில் புல் இருக்கலாம், மிளகாய் நாற்று கூடாது.

படி 3: மண்ணைச் சோதிப்பது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், தவறில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், மேலே களி என்று அடுக்காகப் படியும். களி கால் பங்கு அளவில் இருந்தால் கரைக்கு ஏற்ற மண்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரு சிறு காய்ந்த கட்டியை எடுத்துத் தெளிந்த மழைநீர் உள்ள டம்ளரில் மெதுவாக விடுங்கள். குலுக்கக் கூடாது, கலக்கக் கூடாது. கட்டி உடைந்து கீழே குவிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. அதைச் சுற்றித் தண்ணீர் தானாகக் கலங்கி, மணிக்கணக்கில் தெளியாமல் நின்றால் அது கரையும் மண். களர் நிலங்களில் இது சகஜம். அந்த மண்ணில் கரை போட்டால் விரல் பருமன் கசிவு ஒரே இரவில் குகையாகிவிடும். கரிசலும் தனியாக ஆகாது. வெயிலில் வெடித்துப் பிளக்கும். நடுவில் கரிசலை வைத்து மேலே செம்மண் போர்த்தலாம்.

படி 4: அடித்தளம்

புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் கரை உட்காரும் இடம் முழுக்கச் சுரண்டி எடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், கடைசியில் புல் வளர்க்க அது தேவை. பிறகு கரையின் நடுவாக நீளவாக்கில் ஒரு பள்ளம், கெட்டி மண் தட்டும் வரை. அதைக் களிமண்ணால் நிரப்பி இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரை நிற்கும், தண்ணீர் அடியில் போகும்.

படி 5: குழாய்

தேங்கிய தண்ணீர் மெல்ல வடிய, கரையின் அடியில் குறுக்காக ஒரு குழாய் போக வேண்டும். 8 அங்குலக் குழாய், முன்னால் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும்போது, நொடிக்குச் சுமார் 80 லிட்டர் விடும். நாம் கணக்கிட்ட தண்ணீர் ஐந்தாறு மணி நேரத்தில் வடிந்துவிடும். வால்வு வைக்காதீர்கள். வைத்தால் மூடத் தோன்றும்.

குழாயை ஒட்டிய மண்ணை இயந்திரத்தால் இறுக்க முடியாது. திமிசுக்கட்டையால் கையாலேயே இடியுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குக் குழாயைச் சுற்றிப் பெருமணல் போடுங்கள். கசிவு வந்தாலும் மண்ணை இழுத்துக்கொண்டு வராது. உள்வாயில் கம்பிக் கூண்டு, வெளிவாயில் கல் படுக்கை.

படி 6: கரை எழுப்புதல்

மாசி, பங்குனியில் தொடங்கினால் மழைக்கு முன் புல் பிடித்துவிடும். 15 செ.மீ. அடுக்காக மண் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகே அடுத்தது. ஈரம் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் உருண்டையாகணும், கையில் ஒட்டக் கூடாது. ஜேசிபி ஓட்டுநர் பக்கெட்டால் நாலு தட்டு தட்டிவிட்டு ‘போதும் சார்’ என்பார். போதாது. பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள்.

மேல் அகலம் 2 மீட்டர். தண்ணீர்ப் பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் சரிவு, வெளிப்பக்கம் 2 மீட்டர். ஆக 2 மீட்டர் உயரக் கரைக்கு அடி அகலம் 12 மீட்டர் வரும். எல்லாரும் இதைக் கேட்டுத்தான் திகைப்பார்கள். மண் அமரும் என்பதால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போடுங்கள்.

படி 7: கலங்கல்

மண்கரைகள் உடைவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் மேலேறி வழிவதுதான். 1889 மே 31 அன்று அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் மண் அணை அப்படித்தான் உடைந்து, ஜான்ஸ்டவுனில் 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே கலங்கலில், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் வாயில், மீன் தப்பாமலிருக்க வலை அடித்திருந்தார்கள். அடிக் குழாய்களையும் முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதனால் கலங்கலைக் கரையின் மேல் வைக்காதீர்கள். பக்கவாட்டில், தோண்டாத இயற்கை மேட்டில் வெட்டுங்கள். அதன் அடிமட்டம் கரை உச்சிக்கு 80 செ.மீ. கீழே. 4 மீட்டர் அகலத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஓடினால் நொடிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் போகும், நம் பரப்புக்குத் தாராளம். அருகம்புல் பிடிக்கட்டும். வழியும் தண்ணீர் கரையின் அடியைத் தொடாமல் தள்ளிப் போய்ப் பள்ளத்தில் சேர வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளில் குழாய் எதுவும் செய்யாது, கலங்கல்தான் கரையைக் காப்பாற்றும்.

படி 8: பராமரிப்பு

சரிவில் புல்லும் வெட்டிவேரும் போதும். கரைமேல் மரம் வேண்டாம், வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. பனை நட ஆசையிருந்தால் கரையடிக்கு அப்பால் நடுங்கள். நண்டு வளை, எலி வளை கண்டால் தோண்டித் திறந்து களிமண் இட்டு இடியுங்கள்.

முதல் பெருமழையன்று வெளிப்பக்கத்தை நடந்து பாருங்கள். தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால் குறித்துவைத்துக் கவனியுங்கள். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது, தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மணலும் அதன்மேல் சல்லியும் கொட்டுங்கள். நீர் வரட்டும், மண் நிற்கட்டும். அப்புறம் கீழே இருப்பவர்களுக்கு உடனே போன் செய்து மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். மழை ஓய்ந்ததும் கம்பிக் கூண்டில் சிக்கிய தென்னை ஓலையையும் பாலித்தீனையும் எடுத்துவிடுங்கள், அடுத்த மழை மறுநாளே வரலாம்.