காலேஜ் ஃபீஸ்: முதல் தடவை கட்டுபவர்களுக்கு

“முதல் பட்டதாரி சர்டிபிகேட் குடுத்தாச்சு, ஃபீஸ் இல்லைன்னாங்களே, அப்புறம் எதுக்குங்க இந்தப் பணம்?”

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் அட்மிஷன் நேரத்தில் கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒற்றைச் சாளர கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்களுக்கு முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்பு படிப்பவர்) சலுகையில் கழிவது டியூஷன் கட்டணம் மட்டும்தான். நூலகம், ஆய்வகம், விளையாட்டு, இன்சூரன்ஸ், அடையாள அட்டை என்று வரும் இதர கட்டணங்களை நாம்தான் கட்ட வேண்டும்.

படி 1: கட்டணச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள்

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மலைக்க வேண்டாம். ஆபீஸில் தலைப்புவாரியாகப் பிரித்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ‘காஷன் டெபாசிட்’ என்று இருந்தால் அது படிப்பு முடிந்ததும் திரும்ப வரவேண்டிய பணம். பேனாவால் சுழித்து வையுங்கள், பாதிப் பேர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். வேன் கட்டணம் இருந்தால் அது கட்டாயமா என்று கேளுங்கள். சூலூரிலிருந்து வரும் பெண்ணுக்கு அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, வேனுக்கு எதற்கு ஆயிரக்கணக்கில்?

படி 2: அரசு எதைக் கட்டுகிறது?

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருந்தால், டியூஷனோடு ஹாஸ்டல் கட்டணமும் அரசே ஏற்கும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்களும் அதில் அடக்கம். பணம் ஆதார் இணைத்த மாணவர் கணக்குக்கு வரும் என்பதால் கணக்கை முதலில் சரி பாருங்கள்.

படி 3: ஆன்லைனில் கட்டுவது

பல கல்லூரிகள் எஸ்.பி.ஐ. கலெக்ட் என்ற ஸ்டேட் வங்கியின் கட்டணத் தளம் வழியாக வாங்குகின்றன. எஸ்.பி.ஐ.யில் கணக்கு இருக்க வேண்டியதில்லை. தளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை: ‘அரசு கலைக் கல்லூரி’ என்று தட்டினால் ஊர் ஊராக வரும், உங்கள் ஊர்தானா என்று பாருங்கள். அப்புறம் எந்தக் கட்டணம் என்று தேர்ந்தெடுத்து, ரோல் நம்பர், பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுங்கள். மாணவர் பெயரும் எண்ணும்தான் போடவேண்டும், பணம் கட்டும் அப்பாவுடையது அல்ல.

கட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கமிஷன் என்று பக்கத்திலேயே காட்டும். குறைவானதை எடுங்கள். யு.பி.ஐ. என்றால், 2024 ஜனவரி முதல் கல்விக் கட்டணத்துக்கு வரம்பு 5 லட்சம். ஆனால் கடைசித் தேதியன்று புதுப் போனில் ஆப் போட்டுக் கட்டப் பார்க்காதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆன்லைனே வேண்டாம் என்றால் கல்லூரி அந்த வசதி தந்திருக்கிறதா பார்த்து, சலான் எடுத்து வங்கிக் கிளையில் கட்டலாம்.

முடிந்ததும் ‘டியு’ (DU) என்று தொடங்கும் எண்ணோடு ரசீது வரும். அதை பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஆபீஸில் ஏற்க மாட்டார்கள்.

படி 4: பணம் போச்சு, ரசீது வரலை

உடனே மறுபடி கட்டாதீர்கள். அதே தளத்தில் பழைய பரிவர்த்தனைகளைக் காட்டும் பகுதியில் பிறந்த தேதியும் மொபைல் எண்ணும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ரசீது அங்கேயே இருக்கும். பரிவர்த்தனை நிஜமாகவே தோற்றிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். கடைசித் தேதி நெருங்கிவிட்டால் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: மொத்தமாகக் கையில் இல்லை என்றால்

பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வீட்டில் முழுத் தொகையும் ஒரே நாளில் எப்படிச் சேரும்? வாரத் தண்டலுக்கு மட்டும் போகாதீர்கள். கல்விக் கடனுக்கென்றே இருக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை. நூலக, ஆய்வக, தேர்வு, ஹாஸ்டல் கட்டணங்களும் சேரும். பணம் நேரே கல்லூரிக்குப் போகும். கடன் வர நாளாகும் என்பதால் அதுவரை தவணை கேட்டு முதல்வருக்கு எழுதுங்கள். “கட்டிக்கலாம் போங்க” என்று வாயால் சொன்னால் போதாது. எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று கடிதத்தின் நகலில் எழுதி, கையெழுத்தும் ஆபீஸ் சீலும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.