பாக்கெட் கேப்சரா, ஏபிஎம்மா: தாமதத்தை எந்தக் கருவியால் தேடுவது?

ஓர் இணையச் சேவை மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்ததும் கருவியைத் தேடி ஓடாமல், நேரம் எங்கே கழிகிறது என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும். பாக்கெட் கேப்சர் இரு கணினிகளுக்கு இடையே போய்வந்த பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, பதிந்து காட்டும். ஏபிஎம் எனப்படும் செயலித்திறன் கண்காணிப்பு, செயலிக்குள் எந்த வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் காட்டும்.

படி 1: பயனரின் கணினியில் வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவு மென்பொருளைத் திறந்து, சர்வரின் ஐபி முகவரியை வடிகட்டியாகக் கொடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். அதன் பிறகே உலாவியைப் புதிதாகத் திறந்து, தாமதமாகும் அந்த ஒரு கோரிக்கையை அனுப்புங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் தொடக்கக் கைகுலுக்கல், அதாவது இணைப்பை ஏற்படுத்த இரு கணினிகளும் முதலில் பரிமாறும் பாக்கெட்டுகள், பதிவாகாது. சில நொடிகள் பதிந்தால் போதும். நிரம்பி ஓடும் 1 கிகாபிட் இணைப்பை வடிகட்டாமல் பதிந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 450 ஜிபி சேர்ந்துவிடும். பிறருடைய தரவும் சிக்கக்கூடும் என்பதால் உரியவரிடம் முன்னனுமதி பெறுவது அவசியம்.

படி 2: இரண்டு இடைவெளிகளை அளவிடுங்கள். இணைப்பைக் கேட்கும் சின் பாக்கெட் புறப்பட்டதிலிருந்து, அதற்கு ஒப்புதலான சின்-ஆக் வந்து சேரும் வரையிலான நேரம், ஏறக்குறைய நெட்வொர்க்கில் ஒருமுறை போய்வரும் நேரமாகும். கோரிக்கையின் கடைசிப் பாக்கெட்டிலிருந்து விடைத் தரவின் முதல் பாக்கெட் வரையிலான நேரத்தில் சர்வரின் உழைப்பும் சேர்ந்திருக்கும். இடையில் வரும், ‘தரவு கிடைத்தது’ என்று மட்டும் சொல்லும் வெறும் ஆக் பாக்கெட்டை விடையென்று எண்ணிவிடாதீர்கள். அதை அனுப்புவது சர்வரின் இயங்குதளமே தவிர, செயலி அன்று. முதல் இடைவெளி 20 மில்லிநொடி, இரண்டாவது 1,800 மில்லிநொடி என்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நடுவில் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சர் இருந்தால் சின்-ஆக் அதனிடமிருந்தே வரக்கூடும் என்பதால், அதற்குப் பின்னாலும் ஒருமுறை பதிந்து பார்க்க வேண்டும்.

படி 3: தாமதம் 1 நொடி, 3 நொடி என்று முழு எண்களை ஒட்டியே வந்தால், சின் பாக்கெட் தொலைந்து மீண்டும் அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். பாக்கெட்டுகள் தவறாமல் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறையான டிசிபி முதலில் 1 நொடி காத்திருந்து மறுபடி அனுப்பும், அடுத்த முறை காத்திருப்பை இரட்டிப்பாக்கும். சர்வரில் பொருத்திய ஏபிஎம்முக்கு இது தெரியவே தெரியாது. கோரிக்கை வந்து சேர்ந்த பிறகுதான் அதன் கணக்கே தொடங்குகிறது.

படி 4: இரண்டாவது இடைவெளிதான் பெரிது என்றால் ஏபிஎம்மைப் பொருத்துங்கள், தொடங்குவதற்கு, செயலியின் உள்ளளவுகளைத் திரட்டும் திறமூலக் கருவித்தொகுப்பான ஓபன்டெலிமெட்ரி நல்ல தேர்வு. ஒரு பக்கத்தைக் காட்ட 5 மில்லிநொடி எடுக்கும் டேட்டாபேஸ் வினவல் 200 முறை அடுத்தடுத்து ஓடினால் முழுதாக 1 நொடி போய்விடும். தனித்தனியே பார்த்தால் எந்த வினவலும் மெதுவானது அன்று. ஆகவே மெதுவான வினவல்களின் பட்டியலில் எதுவும் அகப்படாது. ஒரு கோரிக்கை கடந்த வேலைகளை நேர வரிசையில் காட்டும் பதிவான டிரேஸில் அவை வரிசையாக நிற்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். டிஎல்எஸ் எனும் நெறிமுறையால் மறையாக்கம் செய்த இணைப்பைப் பதிந்த பாக்கெட்டுகளிலிருந்து, அதன் திறவுகோல் இல்லாமல் இதைப் படித்தறிய முடியாது.

எப்போதாவது மட்டும் தலைகாட்டும் தாமதத்துக்கு இரண்டும் வேண்டும். ஏபிஎம் மாதிரிக்கெனச் சில கோரிக்கைகளை மட்டும் சேமிக்கும்படி அமைந்திருந்தால், நீங்கள் தேடும் கோரிக்கையே விடுபட்டிருக்கலாம். அந்த விகிதத்தைத் தற்காலிகமாக உயர்த்துங்கள். இரு கணினிகளின் கடிகாரங்களும் நேரத்தைச் சரிசெய்யும் நெறிமுறையான என்டிபி வழியாக ஒத்திசைந்திருப்பதையும் உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பாக்கெட் எந்த டிரேஸுக்கு உரியது என்று பொருத்துவதிலேயே பாதி நாள் போய்விடும்.