வன்னி ரயில் பாதையும் மாரி வெள்ளமும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரிக்கு முன்னர் வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையே ரயில் பாதை பார்க்க வரும் புதியவர்களிடம், மதகை (பாதைக்கு அடியால் தண்ணீர் போகும் திறப்பை) துப்புரவாக்குங்கள், கானில் (வடிகாலில்) புல் வெட்டுங்கள் என்று நான் சொல்வதில்லை. அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் திரும்ப நடக்கும் பிழைகள் வேறு.

வறண்ட மதகை வேலையற்ற மதகு என்று நினைப்பது

ஆகஸ்டில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே நடந்து பாருங்கள். பல மதகுகளுக்குள் காய்ந்த சருகும் மாட்டுச் சாணமும்தான் கிடக்கும். அங்கே பெய்யும் மழையை மட்டும் வைத்து அந்த மதகுகளை மதிப்பிட முடியாது. மேலே உள்ள குளங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வன்னியில் குளங்கள் தொடராக இருக்கின்றன. ஒன்று வான் பாய்ந்தால், அதாவது நிரம்பி மிகைநீர் வழியும் வாயால் வெளியேறினால், அடுத்தது நிரம்பும். குளங்களில் இடம் இருக்கும்வரை கீழே மதகு காய்ந்தே கிடக்கும். எல்லாம் நிரம்பிய பின் பெய்யும் மழை முழுவதும் ஒரே இரவில் பாதைக்கு வந்து சேரும்.

இப்படிப்பட்ட ஒரு மதகின் வாயருகே வயலுக்குப் போக ஒரு பாதை போட்டார்கள். ஒப்பந்தக்காரர் மதகின் அகலத்தில் பாதி விட்டமுள்ள சீமெந்துக் குழாயை வைத்து, மேலே கிரவல் கொட்டி மூடினார். கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்து, "தம்பி, மேலே குளங்கள் இருக்கின்றன. கடைசிக் குளம் வான் பாய்ந்தால் தண்ணீருக்கு இந்த வழியைத் தவிர வேறு வழியில்லை" என்றார். "ஐயா, இரண்டு வருடமாக இதில் ஒரு சொட்டும் வரவில்லை" என்று பதில் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளர் கையெழுத்திட்டார்.

விட்டம் பாதியானால் குழாயின் வாய்ப்பரப்பு கால்வாசியாகும். உராய்வும் சேர்வதால், அதே சரிவில் ஓடும் தண்ணீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். அடுத்த மாரியில் மிச்சத் தண்ணீர் ரயில் பாதையின் மண்கரையில் சாய்ந்து நின்றது. குளக்கட்டு தண்ணீரைத் தாங்கவென்றே இறுக்கிக் கட்டப்படுவது, அலை படும் பக்கத்தில் கல்லும் பதித்திருப்பார்கள். ரயில் பாதையின் கரை அப்படிப்பட்டதல்ல. கரை கசிந்தது, மறுபக்க அடிவாரம் கரைந்தது, தண்டவாளத்தின் அடியில் பரப்பிய சல்லிக்கல் சரிந்தது, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான சிலிப்பர்கள் அந்தரத்தில் தொங்கின. அந்தச் சீரமைப்புக்குப் போன பணத்தில் வயல் பாதைக்கு நல்ல மதகுகள் பல கட்டியிருக்கலாம். எனக்கு இன்றும் கோபம் வருவது பணத்துக்காக மட்டுமல்ல. விடை தெரிந்த மனிதர் நேரில் வந்து சொல்லியும் கேட்கவில்லை.

1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013இல். அந்த இடைவெளியில் தண்ணீர் போகும் வழி தெரிந்தவர்களில் பலர் இடம்பெயர்ந்தார்கள், வேலிகளும் வரம்புகளும் மாறின. எஞ்சியிருக்கும் நினைவை விட்டால் வேறு ஆவணம் கிடைக்காத இடங்கள் உண்டு. ஆகவே குறுக்கே எதையும் அனுமதிக்கும் முன் குளத்தின் வான் வரை மேல்நோக்கி நடந்து போங்கள். மதகுச் சுவரிலும் மரங்களிலும் பழைய நீர்த்தடத்தைத் தேடுங்கள். வயல் பாதையின் திறப்பு ரயில் மதகின் திறப்பைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. அந்தப் பாதையைத் தாழ்வாகவும் போடுங்கள். பெருவெள்ளம் அதன் மேலால் வழிந்து போகட்டும்.

சேற்றுச் சல்லியின் மேல் புதுச் சல்லி கொட்டுவது

பழையதை அள்ளிச் சலிக்காமல் கொட்டாதீர்கள். சேறு மேலே வரும்.

கரையின் அடிவாரத்தில் மண் எடுப்பது

ஒருபோதும் வேண்டாம்.

தண்ணீர் வடிந்ததும் ரயிலை விடுவது

வெளியே தண்ணீர் விரைவாக வடியும். கரைக்குள் ஊறியது அப்படி வடியாது. வெளியிலிருந்து தாங்கிய நீர் போய், உள்ளே ஈரப் பாரம் மட்டும் நிற்கும் அந்த மணித்தியாலங்களில்தான் கரை சரியும். தண்டவாளம் நேராகத் தெரிகிறது என்று நம்பாதீர்கள். அடியில் சல்லி இல்லாமலும் அது நேராகவே தெரியும். சிலிப்பர்களின் அடியைக் குனிந்து பாருங்கள். அடிவாரத்தில் கலங்கல் நீர் கசிந்தால், கரையின் மண் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ரயிலை நிறுத்தியே ஆக வேண்டும்.

தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது

கிளிநொச்சியில் வெயில் எறிக்கும்போதே, வவுனியாப் பக்கம் பெய்த மழையைக் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவுக் காவலுக்கு ஆட்களைப் பிரிக்கும் முன்னரே நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கமக்காரர்களிடமும் குளங்களின் நீர்மட்டத்தைக் கேட்டு, எந்தக் குளம் வான் பாயும் நிலையில் இருக்கிறதோ அதற்குக் கீழே உள்ள மதகில் முதல் ஆளை நிறுத்துங்கள்.