விளாவா, வில்வமா? தாவரப் பெயரில் சறுக்கும் இடங்கள்

விளாமரத்தைப் பற்றி எழுதப் புகுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரிலேயே சறுக்கிவிடுகிறார்கள். விளாம்பழமும் 'வுட் ஆப்பிள்'தான், வில்வப்பழமும் 'வுட் ஆப்பிள்'தான். அதை நம்பித் தேடினால் வில்வத்தின் மருத்துவக் குணமெல்லாம் விளாவின் தலையில் ஏறிவிடும். இத்தனைக்கும் இலையைப் பார்த்தாலே போதும். வில்வத்துக்கு மூன்று கூறு. விளாவுக்கு ஐந்தோ ஏழோ, நடுக்காம்பில் மெல்லிய சிறகு, கசக்கினால் சோம்பு வாசனை.

சரி, தாவரப் பெயரைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாமா? அங்கேயும் பள்ளம் உண்டு. வில்வம் ஏகிள் மார்மெலோஸ். உடனே 'மார்மலேட் செய்யும் பழம், அதனால் இந்தப் பெயர்' என்று எழுதிவிடுகிறார்கள். போர்ச்சுகீசியத்தில் மார்மெலோ என்பது க்வின்ஸ், அதாவது ஆப்பிளுக்கு உறவான ஒரு பழம். மார்மலேட் என்ற சொல் அதிலிருந்து வந்தது. கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா ட ஓர்ட்டா, 1563-இல் அச்சான தம் நூலில் வில்வப்பழத்தை 'வங்காளத்து மார்மெலோ' என்றார். ஊர்ப்பழத்தின் பெயரைப் புதுப்பழத்துக்கு ஒட்டவைத்த கதை, அவ்வளவுதான்.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வில்வத்தை க்ரடேவா பேரினத்தில், நம் மாவிலங்கத்தோடு சேர்த்துவிட்டார். மாவிலங்கத்துக்கும் மூன்று கூறு இலைதான். 1800-இல் போர்ச்சுகீசியத் தாவரவியலாளர் கொரேயா ட செர்ரா அதைத் தனியே பிரித்து, கிரேக்கப் புராணத்தில் பொற்கனித் தோட்டம் காத்த ஏகிளின் பெயரைச் சூட்டினார். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், வெளியே கொரேயா என்று நிற்பது இந்த இடமாற்றத்தைச் சொல்லத்தான். அலங்காரம் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள்.

அதே ஆண்டு விளாவுக்குக் கொரேயா தந்த பெயர் பெரோனியா எலிபன்டம். பெரோனியா ரோமானியத் தெய்வம். பின்பாதிக்கு 'யானைகளின்' என்று பொருள். 'வேழம் உண்ட விளங்கனி' என்ற பழந்தொடருக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டதாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. யானை விளாம்பழம் தின்னும், உண்மை. ஆனால் யானை விழுங்கிய பழம் ஓடு உடையாமல் உள்ளே மட்டும் காலியாகும் என்று அந்தத் தொடர் சொல்வதற்கு ஒரு பெயர் எப்படிச் சாட்சியாகும்? பழைய மூலிகை நூல்களில் இந்தப் பெயரைக் கண்டு, இது வேறொரு மரம் என்று நினைப்பதும் தவறு. இன்று ஏற்கப்பட்டிருப்பது 1762-இல் லின்னேயஸ் இட்ட லிமோனியா அசிடிசிமா.

'அசிடிசிமா' என்றால் மிகப் புளிப்பானது. வெல்லம் பிசைந்து விளாம்பழம் தின்றவர்கள் அதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெயரை வைத்துச் சுவையை எழுதக்கூடாது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத் தாவர நூல்கள் சிலவற்றில் லிமோனியா அசிடிசிமா என்று இருப்பது விளாவே அல்ல. இன்று நரிஞ்சி கிரெனுலேட்டா எனப்படும் மகாவில்வம். அதன் காய் பட்டாணி அளவுதான். பழைய நூலிலிருந்து குறிப்பு எடுக்கிறீர்கள் என்றால், பெயரோடு நிறுத்தாமல் காயின் அளவு என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.