திசைகாட்டியை நம்பும் முன் ஒரு சின்னச் சோதனை

போனில் திசை பார்க்கும் முன், காந்தப்புலம் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு தரம் பாருங்கள். அதற்கென்றே இலவச ஆப்கள் உண்டு. பூமியின் புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். 100, 200 என்று ஏறினால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது. என் கணிப்பில் முதல் குற்றவாளி காந்தம் வைத்த போன் கவர்தான்! அதைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் 8 போடுவதுபோல் சுழற்றுங்கள்.

அப்புறம், காந்த வடக்கும் (திசைகாட்டி காட்டுவது) உண்மையான வடக்கும் (பூமியின் வட துருவம் இருக்கும் திசை) ஒன்றல்ல. காந்தத் துருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடத்துக்கு இடம் கணக்கிட உதவும் உலகக் காந்த மாதிரியை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். வரைபடத்தோடு ஒப்பிடுவதானால் செட்டிங்ஸில் உண்மை வடக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ட்ரோன் விடுபவர்கள் கேபி (Kp) எண்ணையும், அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் அளவையும் பார்க்கலாம். 5-ஐத் தொட்டால் காந்தப் புயல், ஜிபிஎஸ் தடுமாறக்கூடும்.