படம் முடிந்தபின் பேச்சு தொடங்க: அமைதிக் குழுக்களுக்கான ஆவணப்படத் திரையிடல் வழிகாட்டி

அமைதிக் குழு ஒன்று பொதுமக்களுக்கு ஆவணப்படம் போடும்போது, படத்தை ஓட்டுவது பாதி வேலைதான். ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, படம் முடிந்ததும் கலைந்து போகாமல் பேச வேண்டும். கீழே சொல்வதெல்லாம், திரையின் உயரம் உட்பட, அந்தப் பேச்சுக்கான ஏற்பாடுதான்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

30 முதல் 60 நிமிடப் படம் போதும். ஒன்றரை மணி நேரப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முடியும்போது பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பும் நினைப்பில் இருப்பார்கள். நீளமான பல ஆவணப்படங்களுக்குத் தொலைக்காட்சிக்கென்று 52 நிமிட அளவில் ஒரு பதிப்பு தனியாக இருக்கும். இயக்குநரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்களே வெட்டிக் குறைக்காதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, எந்தத் தரப்பின் பேச்சு வெட்டுப்பட்டாலும் அந்தத் தரப்பின் நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

குறைந்தது மூன்று பேர் படத்தை முழுசாகப் பார்த்தாக வேண்டும். அவர்களில் ஒருவராவது படத்தில் காட்டப்படும் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மூவரும் நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ள வேண்டியவை: ரத்தம், சடலம், அடிதடி வரும் இடங்கள், ஒரு கூட்டத்தை இழிவாகச் சொல்லும் வார்த்தைகள், யாரைப் பற்றிப் பேசிவிட்டு அவர்களைப் பேசவிடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது. முதல் இரண்டையும் அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது கலந்துரையாடலுக்கு உதவும்.

அனுமதி

கடையில் வாங்கிய டிவிடியும், மாதச் சந்தா கட்டும் ஓடிடி கணக்கும் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். டிக்கெட் இல்லை, இலவசம் என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைப்பது பரவலான தவறு. இயக்குநருக்கோ விநியோகஸ்தருக்கோ எழுதும்போது தேதி, இடம், எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா, எத்தனை முறை திரையிடல் என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டால் பதில் சீக்கிரம் வரும். எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தில் படத்தின் கோப்பையும் கேளுங்கள். கூடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ளூரில் என்ன அனுமதி வேண்டும் என்று இடத்தின் பொறுப்பாளரிடமே கேட்டுவிடலாம்.

திரையும் நாற்காலியும்

சமதளக் கூடத்தில் சப்டைட்டில்தான் முதலில் அடிபடும். உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும்; சப்டைட்டிலோ படத்தின் அடியில் வரும். திரையின் கீழ் விளிம்பு 1.4 மீட்டருக்குக் கீழே இறங்கினால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் படிக்க முடியாது. கூரை தாழ்வாக இருந்தால் திரையைச் சிறிதாக்குங்கள், கீழே இறக்காதீர்கள். நாற்காலிகளை முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகத் தள்ளிப் போடுங்கள்.

3 மீட்டர் அகலத் திரையில் படத்தின் உயரம் சுமார் 1.7 மீட்டர். கடைசி வரிசை அந்த உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள், அதாவது 10 மீட்டருக்குள் இருக்கட்டும். ப்ரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரைக்கு உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 என்றால் 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முந்தைய நாளே டேப் வைத்து அளந்து தரையில் குறி போட்டுவிடுங்கள். இருட்டான கூடத்துக்கு 3000 லூமென் வெளிச்சம் தரும் ப்ரொஜெக்டர் போதும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியே ஆக வேண்டும்: ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது, வெளிச்சம் விழாத திரைதான் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் இரவுக் காட்சிகள் முழுக்கச் சாம்பலாகிவிடும்.

ஒலி

படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் பெரும்பாலும் லேப்டாப்பின் ஒலி ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போய்விடும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ஹெட்போனைத் தேர்ந்து, அந்த ஜாக்கிலிருந்து கூடத்தின் ஸ்பீக்கர்களை இயக்கும் ஒலி மிக்ஸருக்குத் தனி வயர் கொடுங்கள். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் கோளாறு. அந்த வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற, இந்த இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவியைப் போட்டால் சரியாகும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். எதிரொலிக்கும் கூடத்தில் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழம்பும். ஸ்பீக்கரை மக்களுக்கு அருகில் கொண்டுவந்து, பக்கச் சுவரில் திரைச்சீலை தொங்கவிடுங்கள்.

படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். கோப்பை லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்திருங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிட்டுக் கோப்பை ஏற்றுங்கள். சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். ஒத்திகையில் படத்தை முழுசாக ஓட்டிப் பாருங்கள். சில கோப்புகள் நடுவில்தான் திக்கும்.

கலந்துரையாடல்

படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது பாதி விளக்கை மட்டும் போடுங்கள். முழு வெளிச்சம் வந்தால் மக்கள் பையை எடுத்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து நான்கு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசட்டும். இந்த நான்கு நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுபவர் தன் கருத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது இங்கேதான். இதைவிட்டால் முதல் மைக் எப்போதும் பேசிப் பழகியவர் கைக்கே போகும்.

நெறியாளர் இரண்டு பேர் வேண்டும், முடிந்தவரை இரண்டு தரப்பிலிருந்தும். மைக்கைக் கொடுத்துவிடாமல் தன்னார்வலர் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்கட்டும், ஒருவருக்கு இரண்டு நிமிடம். "படம் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் பாராட்டுதான் வரும். "யார் மேல் தப்பு?" என்றால் சண்டை வரும். "எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது?" என்று கேளுங்கள். பிறகு, "இந்தப் படத்தில் யார் பேசவில்லை? பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று கேளுங்கள்.

"இதெல்லாம் பொய்" என்று ஒருவர் எழுந்தால் மேடையிலிருந்து மறுக்காதீர்கள். எந்தக் காட்சி, அதில் என்ன தவறு என்று கேட்டு, எல்லோரும் பார்க்கும்படி பலகையில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தான் சொன்னது பதிவானதைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மிரட்டலாக மாறினால் நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவை எடுப்பவர் யார், அப்போது முழு விளக்கையும் போடுபவர் யார் என்று முன்பே பெயர் சொல்லி ஒதுக்கியிருக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் இருந்தால் கடைசியில் பத்து நிமிடம். முதலில் பேசவிட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்பவர்களாகச் சுருங்கிவிடுவார்கள்.

பழைய துயரம் கிளறப்பட்டு யாராவது வெளியே போகலாம். வாசலருகே ஒருவர், பக்கத்தில் ஓர் அறை, தண்ணீர், இரண்டு நாற்காலி போதும். அறிவுரை வேண்டாம், கூட உட்கார்ந்தால் போதும். கலந்துரையாடலைப் படம்பிடிக்காதீர்கள், கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் தம் தரப்பின் பிரதிநிதியாகிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதட்டும்.

பலகையில் எழுதியவற்றை அடுத்த நாள் குழுவில் பங்கிட்டுச் சரிபாருங்கள். ஒரு வாரத்துக்குள் அதைச் சொன்னவருக்கே பதில் போக வேண்டும், படத்தில் பிழை இருந்தது என்பதே பதிலானாலும்.