ஓவர்லாக் மெஷினை வாங்கி பீரோ மேல வெச்சிருக்கீங்களா? எறக்குங்க, நூல் கோக்கலாம்

என் மெஷின் வந்தப்போ அதுல நாலு கலர்ல நூல் ஏற்கனவே கோத்திருந்துச்சு, ஒரு சின்ன துணியில ஓட்டிக்கூட காட்டியிருந்தாங்க. அந்த நூல்லயே ரெண்டு நைட்டி ஓரம் அடிச்சு நான் பெரிய டெய்லர் ஆயிட்டேன்னு நெனச்சுட்டேன். மூணாவது நைட்டியில நூல் அறுந்துச்சு, திருப்பி கோத்தேன், அறுந்துச்சு, மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்துச்சு. அன்னைக்கு பீரோ மேல ஏறின மெஷின் ரெண்டு மாசம் கழிச்சுதான் எறங்குச்சு. தப்பு மெஷின்ல இல்ல, நான் கோத்த வரிசையில. அதனால இந்த பதிவுல அதுக்குத்தான் எடம் ஜாஸ்தி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது தையல் மெஷினுக்கு பதிலா வாங்குற மெஷின் கெடையாது. இதுல பாபினே இல்ல, ஜிப் வைக்க முடியாது, காஜா போட முடியாது. ஓரத்தை வெட்டும், தைக்கும், வெட்டின ஓரத்துல பிசிறு வராம நூலை சுத்தி விடும், மூணும் ஒரே ஓட்டத்துல. அப்புறம் திருப்பூர் கம்பெனிகள்ல பாக்குற மெஷினோட இதை ஒப்பிடாதீங்க, அது நிமிஷத்துக்கு 5000 தையலுக்கு மேல போகும், வீட்டு மெஷின் சுமார் 1300 தான். நமக்கு அதுவே ஜாஸ்தி.

வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டு வந்து குடுத்த மெஷின்னா பிளக் சொருகுறதுக்கு முன்னாடி பின்னாடி ஒட்டியிருக்க லேபிளை படிங்க. அமெரிக்கா மெஷின் 110-120 வோல்ட்டா இருக்கும், நம்ம ஊர் 230 வோல்ட்ல நேரா சொருகினா மோட்டார் போயிடும். வோல்ட்டை கொறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சுத்தான் ஓட்டணும்.

நூலுக்கு கோன் நூல் வாங்குங்க, பாலியஸ்டர் போதும். இந்த மெஷின் நூலை குடிக்கும், சின்ன ரீல் போட்டா ஒரு சுடிதாருக்கே காலி. ஒவ்வொரு கலர்லயும் நாலு கோன் வாங்கி அடுக்கணும்னு நெனைக்காதீங்க, வெள்ளை, கருப்பு, சாம்பல் இருந்தா முக்கால்வாசி துணிக்கு ஒத்துப்போகும். இதுல ஊசி ரெண்டு, துணியை விரிச்சு இழுத்தா வெளிய தெரியுறது இடது ஊசி நூல்தான், அந்த ஒண்ணை மட்டும் துணி கலருக்கு மேட்ச் பண்ணுங்க.

ஆனா கத்துக்குற வரைக்கும் நாலும் நாலு கலரா இருக்கணும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை ஏதோ ஒண்ணு. தையல் கோணலா வந்தா எந்த நூல் தப்பு பண்ணுதுன்னு கலரை பாத்தே சொல்லிடலாம்.

இப்ப கோக்கலாம். பிளக்கை கழட்டிடுங்க. பின்னாடி இருக்க ஆன்டெனா மாதிரி கம்பியை முழுசா மேல இழுங்க, பாதியில நின்னா நூல் சீரா வராது. துணியை அமுக்கி பிடிக்கிற ஃபுட்டை தூக்கிட்டு முன் கதவை தொறந்தா உள்ள ரெண்டு வளைஞ்ச இரும்பு விரல் தெரியும், அதுதான் லூப்பர். மேல் லூப்பர் துணியோட மேல்பக்கத்து நூலை போடும், கீழ் லூப்பர் அடிப்பக்கத்தை பாத்துக்கும். எந்த நூல் எந்த வழியில போகணும்னு கதவுக்குள்ளயே கலர் புள்ளி வெச்சு படம் போட்டிருப்பாங்க.

பெரும்பாலான வீட்டு மெஷினுக்கு வரிசை இதுதான்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, கடைசியா இடது ஊசி. ஊசி ரெண்டும் எப்பவும் கடைசி. என் நூல் ஏன் அறுந்துட்டே இருந்துச்சுன்னா, அறுந்தது கீழ் லூப்பர் நூல், நான் அதை மட்டும் கோத்துட்டு ஊசியில இருந்த நூலை அப்படியே விட்டுட்டேன். அந்த ஊசி நூல் கீழ் லூப்பர் மேல குறுக்க மாட்டிக்கிட்டு கெடக்கும், புதுசா கோத்த நூல் அதுல சிக்கி பத்து தையல்ல அறுந்துடும். அதனால கீழ் லூப்பர் நூல் அறுந்தா மொதல்ல ரெண்டு ஊசி நூலையும் வெளிய உருவுங்க, கீழ் லூப்பரை கோருங்க, அப்புறம் ஊசியை திரும்ப கோருங்க. சோம்பேறித்தனம் பட்டா நூல் அறுந்தே தீரும்.

கீழ் லூப்பர்தான் கையே போகாத எடத்துல இருக்கும். கை சக்கரத்தை மெதுவா சுத்தி லூப்பர் முனை எட்டுற எடத்துக்கு வந்ததும் நிறுத்துங்க, நூல் நுனியை சாய்வா வெட்டி, மெஷினோட வர்ற இடுக்கியால பிடிச்சு கண்ணுக்குள்ள தள்ளுங்க. ஒவ்வொரு நூலையும், அது எவ்வளவு இறுக்கமா போகணும்னு வைக்கிற டென்ஷன் டயல் பக்கத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு வெடுக்குனு ஒரு இழு இழுத்தா வட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். அது உக்காரலன்னா டயலை எவ்வளவு திருகினாலும் தையல் தொளதொளன்னுதான் வரும்.

நாலு நூலையும் ஃபுட்டுக்கு அடியில விட்டு பின்னாடி ஒரு ஜாண் நீளத்துக்கு இழுத்து வைங்க. ஃபுட்டை எறக்கி, மோட்டார் இல்லாம கையாலயே சக்கரத்தை நாலஞ்சு சுத்து சுத்துங்க, எந்தப் பக்கம் சுத்தணும்னு சக்கரத்துல அம்பு போட்டிருக்கும். துணியே இல்லாம நூல் மட்டும் சடை பின்னின மாதிரி வந்துச்சுன்னா சரியா கோத்திருக்கீங்க. அப்புறமா பிளக்கை போட்டு பெடலை மெதுவா அழுத்துங்க.

முதல் துணி பழைய பெட்ஷீட் கிழிச்ச துண்டா இருக்கட்டும். நாலு டயலையும் நடுவுல, பொதுவா 4ல, வைங்க. தெச்சுட்டு ஓரத்தை பாருங்க, மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் சரியா துணியோட விளிம்புல வந்து சந்திக்கணும். மேல் நூல் விளிம்பை தாண்டி அடிப்பக்கம் எட்டி பாத்தா மேல் லூப்பர் லூஸ், அதை கொஞ்சம் டைட் பண்ணுங்க, இல்லன்னா கீழ் லூப்பரை கொஞ்சம் தளத்துங்க. அடிப்பக்கம் ஊசி நூல் ஏணிப்படி மாதிரி நீளநீளமா தெரிஞ்சா ஊசி டென்ஷன் பத்தல. ஒரு நேரத்துல ஒரே டயல், அதுவும் அரை நம்பர். நாலையும் சேத்து திருகினா அப்புறம் எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

பனியன் துணிக்கு டிஃபரென்ஷியல் ஃபீட்னு ஒரு டயல் இருக்கு. ஃபுட்டுக்கு அடியில துணியை தள்ளுற பல்லு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு, இந்த டயல் 1ல இருந்தா ரெண்டும் ஒரே அளவு தள்ளும். திருப்பூர் காதர்பேட்டையில வாங்கின பனியன் துணியில பையனுக்கு டிராயர் தெச்சப்போ ஓரம் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு வந்துச்சு, 1.5க்கு ஏத்தினதும் படிஞ்சுடுச்சு. மெல்லிசு துணி சுருங்கி சுருங்கி வந்தா 1க்கு கீழ எறக்குங்க.

அடுத்தது கத்தி. ஊசிக்கு வலது பக்கம் கத்தி இருக்கு, அதுக்கு வெட்ட வேண்டிய துணி வெட்டக்கூடாத துணின்னு வித்தியாசம் தெரியாது. குண்டூசி குத்தியிருந்தா கத்தி முனை போயிடும், அதனால குண்டூசிய ஓரத்துல இருந்து தள்ளி உள்ள குத்துங்க, இல்ல கிளிப் போடுங்க. நான் பொண்ணு பாவாடை சட்டைக்கு கை ஏத்தும்போது சட்டையோட முன்பக்கம் அடியில மடிஞ்சு கெடந்ததை கவனிக்கல, கரக்னு ஒரு சத்தம், நெஞ்சுக்கு நேரா ரெண்டு இன்ச் ஓட்டை. பட்டுத்துணி வேற. அது மேல ஒரு பூ வெச்சு தெச்சு டிசைன்னு சொல்லி சமாளிச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இடது கையை அடியில விட்டு தடவி பாத்துட்டுத்தான் பெடலை மிதிக்கிறேன்.

ஜாக்கெட் தைக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க. சைடுல பின்னாடி பிரிச்சு விட ஒரு இன்ச் துணி உள்ள விடுவோம் இல்லயா, ஓவர்லாக்ல கொண்டு போய் தையலை ஒட்டி ஓட்டினா அதை வெட்டி கீழ போட்டுடும், அடுத்த தீபாவளிக்கு ஜாக்கெட் பத்தாது. அதனால சைடை சாதா மெஷின்லயே தெச்சுட்டு, உள்ள விட்ட துணியோட வெளி ஓரத்துல மட்டும், கத்தி வெறும் பிசிறை மட்டும் சீவுற மாதிரி ஓட்டுங்க. கத்தியை மடக்கி வைக்கிற வசதி இருந்தா மடக்கிடுங்க, இன்னும் நிம்மதி. வெறும் ஓரம் அடிக்க மூணு நூல் போதும், ஒரு ஊசியை கழட்டிடலாம், கழட்டின எடத்து ஸ்க்ரூவை மட்டும் முறுக்கி வைங்க, அதிர்வுல கழண்டு உள்ள விழுந்தா தேடி எடுக்க முடியாது.

தெச்சு முடிச்சதும் ரிவர்ஸ் போட்டு கெட்டி பண்ண முடியாது. துணி முடிஞ்சும் நிறுத்தாம நாலு இன்ச் சடை விட்டு வெட்டுங்க, அந்த சடையை பெரிய கண்ணு ஊசியில கோத்து தையலுக்குள்ளயே ஒரு இன்ச் சொருகி விட்டா பிரியாது.

கலர் மாத்த ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து கோக்க வேண்டாம். பழைய நூலை கோன் பக்கத்துல வெட்டி, புது நூலை அதோட முடிச்சு போட்டு, டென்ஷன் டயல் எல்லாம் 0க்கு கொண்டு வந்து, ஃபுட்டை தூக்கி ஒவ்வொரு நூலா இழுங்க. லூப்பர் கண்ணுல முடிச்சு சின்னதா இருந்தா போயிடும், ஊசி கண்ணுல போகாது, முடிச்சு ஊசிக்கிட்ட வந்ததும் வெட்டிட்டு கையால கோருங்க. மறக்காம டயலை பழைய நம்பருக்கு திருப்புங்க, நான் மறந்துட்டு அரை மணி நேரம் மெஷினை திட்டியிருக்கேன்.

வேலை முடிஞ்சு கதவை தொறந்து பாத்தா உள்ள தலகாணி பஞ்சு மாதிரி குப்பை இருக்கும். வாயால ஊதாதீங்க, அது இன்னும் உள்ள போகும். பிரஷ்ல வெளிப்பக்கமா இழுத்து எடுங்க. எந்த எடத்துல ஆயில் விடணும்னு புத்தகத்துல போட்டிருக்கும், அங்க மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கு புடிச்சு இறுகிடும். ஆயில் விட்ட அன்னைக்கு மொதல்ல பழைய துணியில ஒரு அடி ஓட்டிட்டு அப்புறம் நல்ல துணியை வைங்க.